மகள் சேற்றில் இறங்கட்டும்!

பிளஸ் டூவில் பயாலஜி குரூப் எடுத்த பெண் இருக்கிற வீடுகளில், வருஷா வருஷம் கோடை முடிகிற சமயத்தில் இழவு விழுந்த மாதிரி ஒரு அமைதி வந்துவிடுகிறது. டாக்டர் சீட் கிடைக்கவில்லை என்றால் போதும். பெற்றவர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பெண் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போகிறாள். வருகிற உறவுக்காரர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொல்கிறார்கள். "இன்னொரு வருஷம் வீட்டிலேயே உட்கார்ந்து நீட் எழுதட்டும்" என்பார் ஒருவர். "எதுக்கு வீண் செலவு? மாப்பிள்ளை பாருங்க" என்பார் இன்னொருவர். இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு என்று அறைக்குள்ளேயே அடைபட்டு உடம்பும் மனசும் நொந்துபோகிற பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

உயிர்களைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்ட பெண்ணுக்கு மருத்துவம் ஒன்றுதான் வழியா, சகோதரிகளே? இல்லவே இல்லை. விலங்கியல், தாவரவியல், கடல் உயிரியல் என்று பல வழிகள் இருக்கின்றன. நம் கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு அது கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் படிப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள், எங்கே கூட்டிப் போகிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரியாததாலேயே பயப்படுகிறோம்.

நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். என் அண்ணன் மகள் பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டு, பரங்கிப்பேட்டையில் எம்.எஸ்ஸி. கடல் உயிரியல் படிக்கிறாள். அவளைச் சேர்க்கிற சமயத்தில் எங்கள் அண்ணி, "பொம்பளப் புள்ளைய காட்டுக்கும் கடலுக்கும் அனுப்பச் சொல்றீங்களா?" என்று ஒரு வாரம் அழுதார். இன்று அதே அண்ணிதான் களப்பணி நாளில் நாலு மணிக்கு எழுந்து எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுக்கிறார். அந்தப் பெண் லீவுக்கு வரும்போதெல்லாம் சொன்னதையும், நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

வெள்ளாற்றின் வாயில் ஒரு பள்ளிக்கூடம்

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரால் தொடங்கப்பட்டது. 2013-ல் தமிழக அரசு சட்டம் இயற்றி அதன் நிர்வாகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. தாவரவியலும் விலங்கியலும் சிதம்பரத்தில் நடக்கின்றன. கடல் உயிரியலுக்கு மட்டும் தனி இடம். அது வெள்ளாறு கடலில் கலக்கிற பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா முன்னின்று வளர்த்த அந்த ஆய்வு நிலையம், 1960களில் பல்கலைக்கழக மானியக் குழுவின் உயராய்வு மையம் என்ற தகுதியைப் பெற்றது.

இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் எவ்வளவு யோசனை இருக்கிறது, பாருங்கள்! ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், இரண்டும் கலக்கிற கழிமுகம், சற்றுத் தெற்கே பிச்சாவரம் காடு. நான்கு விதமான வாழ்விடங்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. புத்தகத்தில் காலையில் படித்ததை மத்தியானம் கண்ணால் பார்த்துவிடலாம்.

எங்கள் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ரயில் பாதை நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை வழியாகச் சிதம்பரம் போகிறது. இத்தனை நாள் நடராஜரைத் தரிசிக்க மட்டும் போய்வந்த பாதையில் இவ்வளவு பெரிய பாடசாலை இருப்பதை நான் அறிந்ததே இவளால்தான்.

வகுப்பில் என்ன நடக்கிறது?

"தவளையை அறுப்பாங்களாமே, கரப்பான் பூச்சியைக் கிழிப்பாங்களாமே" என்று நம்மில் பலர் முகம் சுளிப்பதுண்டு. சைவக் குடும்பங்களில் இதற்காகவே பெண்ணை வேறு படிப்பில் சேர்த்தவர்கள் உண்டு. அந்தக் காலம் போய்விட்டது. விலங்கியல் வகுப்புகளில் பிராணிகளை அறுப்பதை நிறுத்தும்படி 2014-ல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவுறுத்தியது. மாதிரி உருவங்கள், படங்கள், கம்ப்யூட்டர் வழியாக உள்ளுறுப்புகளைக் கற்றுத் தருகிறார்கள்.

காலையில் பாட வகுப்பு. உயிரணு, பரம்பரை, உடலியல், சுற்றுச்சூழல் என்று பாடம் நடக்கும். பிற்பகலில் செய்முறை. மைக்ராஸ்கோப்பில் பார்த்ததைப் பென்சிலால் வரைந்து பாகம் குறிக்க வேண்டும். ஆரம்பத்தில் எங்கள் பெண் வரைந்ததைப் பார்த்தபோது இறாலா, வெட்டுக்கிளியா என்றே தெரியவில்லை! இரண்டு வருஷத்தில் நண்டின் கால் முட்டியிலுள்ள முடியைக்கூட எண்ணி வரைகிற அளவு கை தேறிவிட்டது. பார்ப்பதை உள்ளபடி பார்ப்பது என்கிற பழக்கத்தைத்தான் இந்தப் படிப்பு முதலில் தருகிறது.

தாவரவியல் மாணவிகளுக்கு ஹெர்பேரியம் என்று ஒரு வேலை. இலை, பூவோடு ஒரு கிளையை எடுத்துப் பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைக்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய தாளை அடிக்கடி மாற்றாவிட்டால் பூசணம் பிடித்துவிடும். வடாம் காயப் போடுகிற நமக்கு இது புரியாதா என்ன? காய்ந்த பிறகு அட்டையில் ஒட்டி, எங்கே, எந்தத் தேதியில், யார் எடுத்தது என்று எழுதவேண்டும். அந்தச் சீட்டு இல்லாத செடி வெறும் சருகு என்பார்களாம்.

அலையைக் கேட்டுத்தான் கிளம்ப வேண்டும்

களப்பணிக்குப் போகிற நேரத்தைப் பேராசிரியர் தீர்மானிப்பதில்லை, கடல் தீர்மானிக்கிறது! நம் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் ஏறும், இரண்டு தடவை வற்றும். இன்று காலை 6 மணிக்கு வற்றினால் நாளை ஏறக்குறைய 6.50-க்கு வற்றும். தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். சேற்றிலுள்ள உயிர்களைப் பார்க்க வேண்டுமானால் தண்ணீர் வற்றும்போது போய், ஏறுவதற்குள் திரும்ப வேண்டும். அதனால்தான் சில நாள் விடியுமுன்பே கிளம்புகிறார்கள். "நேரங்கெட்ட நேரத்தில் என்ன படிப்பு?" என்று கோபிக்கிற தாய்மார்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கே போய் என்ன செய்வார்கள்? முதலில் கயிற்றைக் கரையிலிருந்து நீர் வரை நேராக நீட்டிக் கட்டுவார்கள். கயிறு போகிற வழியில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு சதுரம் வைத்து, அதற்குள் இருக்கிற நத்தை எத்தனை, நண்டு வளை எத்தனை என்று எண்ணுவார்கள். மரங்களானால் 10 மீட்டருக்கு 10 மீட்டர் என்று பெரிய சதுரம் அளந்து, ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் டேப் பிடித்துக் குறிப்பார்கள். முழுக் காட்டையும் எண்ண முடியாது அல்லவா? பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் அந்த ஒரு சோற்றை எந்த இடத்தில் எடுப்பது என்பதில்தான் படிப்பு இருக்கிறது. மேலாக மட்டும் எடுத்தால் அடியில் வேகாதது தெரியாமல் போகும்.

இன்னொரு குழு தண்ணீரை எடுத்து உப்பைப் பார்க்கும். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் சமையலறைக் கணக்கில் இரண்டு மேஜைக்கரண்டி. வெள்ளாற்றின் முகத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் வந்ததும் இந்த அளவு மளமளவென்று இறங்கும். சித்திரை, வைகாசியில் கடலளவுக்கு ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்கிற பிராணிகள் எவை, தாங்காமல் இடம் மாறுபவை எவை என்று மாதாமாதம் குறித்து வைப்பார்கள்.

மெல்லிய வலைத்துணியில் புனல் மாதிரி தைத்து, நுனியில் பாட்டில் கட்டிய ஒரு வலையும் உண்டு. படகுக்குப் பின்னால் அதை இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் பாட்டிலில் சேரும். ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் கோலப் புத்தகம் மாதிரி எத்தனை வடிவங்கள்! உலகில் உண்டாகிற பிராணவாயுவில் ஏறக்குறைய பாதியை இந்தக் கடல் மிதவைத் தாவரங்கள்தான் தருகின்றன என்று அவள் சொன்னபோது எனக்குப் பேச்சே எழவில்லை.

பிள்ளை பெறும் மரம்

பிச்சாவரம் என்றால் நமக்குப் படகுச் சவாரியும், 1975-ல் வந்த 'இதயக்கனி' படமும்தான் ஞாபகம் வரும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் இந்த அலையாத்திக் காடு இருக்கிறது. 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

போன வருஷம் நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தபோது அண்ணன் மகள் படகிலிருந்தே பாடம் நடத்தினாள். "அத்தை, இந்த இலையைத் திருப்பி நக்கிப் பாருங்க" என்றாள். வெண்கண்டல் இலை. சுருக்கென்று உப்புக் கரித்தது! வேர் வழியாக வந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளிவிடுகின்றனவாம். சுரபுன்னை மரமோ வேரிலேயே வடிகட்டிப் பெரும்பகுதி உப்பை உள்ளே விடுவதே இல்லை. சேற்றில் காற்று கிடையாது. அதனால் வெண்கண்டல் தன் வேர்களைப் பென்சில் நட்டுவைத்த மாதிரி மேலே நீட்டி மூச்சு விடுகிறது. சுரபுன்னை முட்டுக்கொடுத்த மாதிரி வேர்களைப் பரப்பிக்கொண்டு நிற்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது சுரபுன்னையின் பிள்ளைப்பேறுதான். மற்ற மரங்கள் விதையைக் கீழே போட்டுவிட்டுக் கவலையற்று இருக்கும். இது அப்படியில்லை. விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீளமாக வளரும் வரை தாய் மரம் இடுப்பில் வைத்திருக்கிற மாதிரி வைத்துக்கொள்கிறது. பக்குவம் வந்தபின் விடுகிறது. தண்ணீர் வற்றிய நேரமானால் சேற்றில் செங்குத்தாகக் குத்தி நின்று வேர்விடும். தண்ணீர் இருந்தால் மிதந்து போய் வேறிடத்தில் கரை சேரும். அந்த உப்புச் சேற்றில் வெறும் விதையாக விழுந்தால் பிழைக்காது என்று இயற்கை செய்த ஏற்பாடு இது.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான தில்லை மரத்தையும் அங்கே பார்த்தோம். நடராஜர் கோயிலின் ஸ்தல விருட்சம். பால் வடிகிற மரம். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். கும்பிட வேண்டிய மரம்தான், ஆனால் ஒடிக்கக் கூடாத மரம்.

அந்தக் கால்வாய்களில் இருளர் குடும்பத்துப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் பறியை வாயில் கவ்வியிருப்பார்கள். கடலில் பிறந்த இறால் குஞ்சு கழிமுகத்துக்கு வந்து, வேர்களுக்கிடையே ஒளிந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகிறது. காடு அழிந்தால் அந்தப் பெண்களின் அடுப்பும் அணைந்துவிடும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

படிப்பால் ஊருக்கு என்ன லாபம்?

"சேற்று நண்டை எண்ணி யாருக்கு என்ன பிரயோசனம்?" என்று எங்கள் எதிர்வீட்டு ஆயா கேட்டார். நியாயமான கேள்விதான். இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

பிச்சாவரத்தில் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே பகுதி பகுதியாக மரங்களை மொத்தமாக வெட்டி வந்தார்கள். வெட்டிய இடத்தில் மறுபடி மரம் முளைக்கவில்லை. ஆடு மாடு மேய்ந்ததால்தான் என்று பலரும் நினைத்தார்கள். ஆராய்ந்து பார்த்ததில் வேறு உண்மை தெரிந்தது. மரம் போனதும் வெயில் நேராகப் பட்டு மண் வறண்டு தாழ்ந்துவிட்டது. தாம்பாளம் மாதிரி குழிந்த இடத்தில் புகுந்த அலைநீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி வற்ற, உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. கன்று பிழைக்காததன் காரணம் அதுதான். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்து மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவத்தில் கால்வாய்கள் வெட்டி, அலை வந்து போக வழிசெய்து கன்று நட்டார்கள். காடு திரும்பியது. காரணம் தெரியாமல் நட்டிருந்தால் பணமும் உழைப்பும் சேற்றில்தான் போயிருக்கும்.

அடுத்தது 2004 டிசம்பர் 26. அந்த ஞாயிற்றுக்கிழமையை நம் மாவட்டத்தில் யாரால் மறக்க முடியும்? கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைச் சுனாமி கொண்டுபோனது. அதன்பின் பரங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் அந்தக் கரையிலுள்ள 18 குடியிருப்புகளுக்குப் போய்க் கணக்கெடுத்து 2005-ல் வெளியிட்டார்கள். கடலிலிருந்து எவ்வளவு தூரம், நிலம் எவ்வளவு மேடு, முன்னால் மரக்காடு இருந்ததா என்ற மூன்றையும் ஒட்டிச் சேதம் கூடிக் குறைந்தது என்று சொன்னார்கள். மரம் மட்டுமே காப்பாற்றியதா, தூரமும் மேடும்தான் பெரிய காரணமா என்று வெளிநாட்டு விஞ்ஞானிகளிடையே வாதம் நடந்தது. வாதம் செய்வதும் படிப்பில் ஒரு பகுதிதான். ஆனால் வீடு எங்கே கட்டலாம், காட்டை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கு, நடந்து போய் அளந்தவர்களால்தான் பதில் சொல்ல முடிந்தது.

பெண் ஒருத்தி போட்ட பாதை

பெண்கள் இந்தத் துறைக்குப் புதியவர்கள் அல்ல. 1897-ல் தலச்சேரியில் பிறந்த இ.கே. ஜானகி அம்மாள் சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் தாவரவியல் படித்தார். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படித்து 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பை வேறு புல்லினங்களோடு இனம் சேர்த்து ஆராய்ந்தார். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வண்டி போவதைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு, கரும்பு ஆராய்ச்சியில் அந்தக் காலத்திலேயே ஒரு பெண் இருந்தார் என்பது பெருமையாக இருக்கிறது. 1977-ல் பத்மஸ்ரீ விருது பெற்று, 1984-ல் காலமாகும் வரை செடிகளோடுதான் வாழ்ந்தார்.

அனுப்பும் தாய்மார்களுக்குச் சில குறிப்புகள்

* உடை: முழுக்கை வைத்த பழைய பருத்திச் சுடிதார். துப்பட்டா வேண்டாம், வேரில் சிக்கும். தலைக்குத் தொப்பி. காலுக்குக் கயிறு கட்டும் பழைய கான்வாஸ் ஷூ. செருப்பு சேற்றிலேயே தங்கிவிடும், வெறுங்கால் சிப்பியில் கிழியும். மாற்று உடை ஒன்று பையில் இருக்கட்டும்.

* சாப்பாடு: கிளம்பும்போது இட்லியோ, ஒரு சொம்பு நீராகாரமோ. மத்தியானத்துக்கு எலுமிச்சை சாதம் அல்லது புளிசாதம். 2 லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட மோர்.

* கழிப்பறை: பெண்கள் வெளியே போனால் தண்ணீரே குடிக்காமல் அடக்கிக்கொள்கிறார்கள். இதனால் நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வரும். இருக்கிற வசதி என்ன என்று ஆசிரியையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்தவே கூடாது.

* மாதவிலக்கு: கூச்சமில்லாமல் ஆசிரியையிடம் சொல்லட்டும். உடம்பு முடிந்தால் போகலாம், முடியாவிட்டால் கரையில் குறிப்பெழுதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இரண்டு நாப்கின், பயன்படுத்தியதைத் திருப்பி எடுத்துவர ஒரு பை அவசியம்.

* காயம்: சிப்பி கிழித்தால் சுத்தமான தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி டாக்டரிடம் காட்ட வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷமாயிற்று என்று குறித்து வையுங்கள்.

* தில்லைப் பால் கண்ணில் பட்டால்: கால் மணி நேரம் சுத்தமான தண்ணீரால் விடாமல் கழுவி, உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும். தாய்ப்பால் விடுவது, எண்ணெய் விடுவது எல்லாம் கூடாது.

* சொறிமீன் பட்டால்: தேய்க்கக் கூடாது. கடல் தண்ணீராலேயே கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

* பார்மலின்: பிராணிகளைக் கெடாமல் வைக்கும் மருந்து. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்துக் கையாள வேண்டும். அந்தப் பாட்டில்கள் வீட்டுக்கு வரவே கூடாது, குறிப்பாகக் குழந்தை உள்ள வீட்டுக்கு.

* படகு: மிதவைச் சட்டை போடாமல் ஏறக் கூடாது. யார் தலைமையில் போகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், ஆசிரியரின் போன் நம்பர் ஆகிய மூன்றையும் வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

வேலை கிடைக்குமா?

இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பி.எஸ்ஸி. மட்டும் முடித்தால் பெரிய சம்பளம் எதிர்பார்க்க முடியாது. எம்.எஸ்ஸி. வரை பொறுமை வேண்டும். அதோடு பி.எட். சேர்ந்தால் ஆசிரியை வேலைக்கு முயலலாம். ஆய்வில் ஆசையிருந்தால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் பரீட்சை எழுதலாம். அதில் ஜே.ஆர்.எஃப். தேறினால் உதவித்தொகையோடு படிக்கலாம். மீன்வளம், இறால் பண்ணை, பரிசோதனைக்கூடம், சுற்றுச்சூழல் ஆய்வு என்று துறைகள் உண்டு. தாவரவியல், விலங்கியல் பட்டதாரிகள் இந்திய வனப்பணித் தேர்வும் எழுதலாம். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்களுக்கு, 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கல்லூரியில் சேரும்போதே அதைப் பற்றிக் கேளுங்கள்.

சேர்க்கிற இடத்தில் வேறு நான்கு கேள்விகளும் கேட்க வேண்டும். களப்பணி வருஷத்துக்கு எத்தனை நாள்? பெண் ஆசிரியை கூட வருகிறாரா? செலவு யார் பொறுப்பு? விடுதி உண்டா? பதில் திருப்தியாக இருந்தால் தைரியமாகச் சேருங்கள்.

சேறு துணியில்தான் படும். ஒரு வாளி தண்ணீரில் ஊறவைத்துக் கொஞ்சம் வாஷிங் சோடா போட்டால் போய்விடும். "எனக்கும் ஒரு வழி இருந்தது, என் வீட்டில் விடவில்லை" என்கிற குறை ஒரு பெண்ணின் மனதில் பட்டுவிட்டால் அதை எந்தச் சோடாவாலும் போக்க முடியாது. உங்கள் வீட்டில் இந்த வருஷம் அப்படி ஒரு பெண் வாடிப்போய் உட்கார்ந்திருந்தால், ஒருநாள் அவளைப் பிச்சாவரத்துக்குக் கூட்டிப் போய் ஒரு வெண்கண்டல் இலையை நக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். "ஏன் உப்புக் கரிக்குது?" என்று அவள் கேட்டால், இந்தப் படிப்பு அவளுக்கு ஒத்துவரும்.